பொன்னாடை வேணாம் டாக்டர், சிவப்புப் பேனா எடுத்துட்டு வாங்க – மிஸி அக்கா பதில்கள்

போன இதழ்ல வில்சன் நோய் பத்தி ஒரு வாசகிக்கு நாலு வரி பதில் எழுதியிருந்தேன். அதுக்கப்புறம் வந்த கடிதத்தையும் மெசேஜையும் பாத்துட்டு, இந்தத் தடவை முழுப் பக்கத்தையும் இதுக்கே குடுங்கன்னு ஆசிரியர்கிட்ட கேட்டு வாங்கிட்டேன். புதுசா படிக்கறவங்களுக்காக ஒரு வார்த்தை. நாம சாப்பிடற சாப்பாட்டுல கொஞ்சம் செம்புச் சத்து இருக்கு, உடம்புக்கு வேண்டியது போக மிச்சத்தை கல்லீரல் பித்தத்தோட சேத்து வெளிய தள்ளிடும், வில்சன் நோய்க்காரங்களுக்கு 13வது குரோமோசோம்ல இருக்கற ஒரு ஜீன் பழுதானதால அந்த வேலை சரியா நடக்காது, செம்பு கல்லீரல்ல தேங்கி அப்புறம் மூளை, கண்ணுன்னு போய்ப் படியும். 1912ல கின்னியர் வில்சன்ங்கற டாக்டர் விவரமா எழுதினதால அந்தப் பேரு. சுமாரா 30,000 பேர்ல ஒருத்தருக்கு வரும்னு கணக்கு சொல்வாங்க. மருந்து இருக்கு, ஆனா ஆயுசுக்கும் சாப்பிடணும், பாதியில நிறுத்தினா கல்லீரலே செயலிழந்து போற அளவுக்குக் கொண்டு விட்டுடும். என் அக்கா மகனுக்கு இந்த நோய் இருக்கு, அதனால ரிட்டயர் ஆன மிஸியா, அதாவது நர்ஸா மட்டும் இதை நான் எழுதல, சின்னம்மாவாவும்தான் எழுதறேன்.

கேள்வி: மிஸி அக்கா, எங்க பொண்ணுக்கு 19 வயசு, ரெண்டு வருஷமா வில்சன் மருந்து சாப்பிடுது. பட்டர்வொர்த், பிறை, சுங்கை பட்டாணி பக்கம் 14 குடும்பம் சேந்து வாட்ஸாப் குரூப் வெச்சிருக்கோம், இப்ப அதை சங்கமா பதியலாம்னு பேச்சு ஓடுது. ஒருத்தர், பெரிய புரொபசர் ஒருத்தர் பேரை லெட்டர்ஹெட்ல போட்டா போதும், மத்ததெல்லாம் தன்னால வரும்ங்கறாரு. இன்னொருத்தர், ஒரு டாக்டரை குரூப்லயே சேத்துட்டா ராத்திரி பகல் எப்ப வேணா கேட்டுக்கலாம்லா அப்படிங்கறாரு. எது சரி? டாக்டருக்குக் காசு குடுக்கணுமா? – ஓர் அம்மா, பட்டர்வொர்த்

பதில்: ரெண்டு பேர் சொல்றதும் வேணாம்மா. ஏன்னு சொல்றதுக்கு முன்னாடி எங்க குரூப்புல நடந்த ஒண்ணைச் சொல்லிடறேன், இதை நான் இதுவரைக்கும் எங்கயும் எழுதினதில்ல.

எங்க பையனுக்கு ஃபார்ம் 4 படிக்கறப்ப கை நடுங்க ஆரம்பிச்சுது. கையெழுத்து கோழி கிளறின மாதிரி ஆச்சு, பேச்சு குழறுச்சு, கோவம் வந்தா வீட்டையே ரெண்டாக்கிடுவான். பையன் கெட்டுப் போயிட்டான்னு ஒருத்தர், யாரோ செய்வினை வெச்சிட்டாங்கன்னு இன்னொருத்தர், தண்ணீர்மலை முருகனுக்கு வேண்டிக்கிட்டு முடியும் இறக்கியாச்சு. கடைசில ஒரு கண் டாக்டர்தான் ஸ்லிட் லேம்ப்ங்கற கண் பாக்கற கருவியில கருவிழி ஓரத்துல பழுப்பா ஒரு வளையம் இருக்கறதைப் பாத்து அனுப்பி வெச்சாரு. கைசர் ஃபிளைஷர் வளையம்னு பேரு, 30 வருஷம் வார்டுல வேலை பாத்த நான் அதைப் பாடப்புத்தகத்துல ஒரு வரியா படிச்சதோட சரி, கண்ணால பாத்ததே என் வீட்டுப் பிள்ளை கண்ணுலதான்.

அப்புறம் எங்களை மாதிரி 9 குடும்பம் சேந்தோம். முதல் கூட்டத்துக்கு பெரிய டாக்டர் ஒருத்தரைக் கூப்பிட்டோம். மண்டபம், குத்துவிளக்கு, மாலை, பொன்னாடை, வரவேற்புரை, வாழ்த்துரை, போட்டோ, சாப்பாடு எல்லாம் இருந்துச்சு, கேள்வி கேக்க மட்டும் 10 நிமிஷம் மிஞ்சிச்சு. அவர் நல்ல மனுஷர், அவர் மேல ஒரு குறையும் இல்ல, நாங்க அவர்கிட்ட வேற எதையும் கேக்கவே இல்ல. அன்னைக்கு வாசல்ல எல்லார் கையிலயும் ரெண்டு பக்கத் தாள் ஒண்ணு குடுத்தோம், அதை டைப் பண்ணது நான். கேஸ்ட்ரிக் வந்துடக்கூடாதேன்னு நினைச்சு 'மருந்தை சாப்பாட்டோட சாப்பிடுங்க'ன்னு எழுதிட்டேன். வில்சன் நோய்க்குக் குடுக்கற பெனிசிலமின் வெறும் வயித்துல சாப்பிட வேண்டிய மருந்து, சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன்னாடி, இல்ல சாப்பிட்டு 2 மணி நேரம் கழிச்சு, சாப்பாட்டோட சேந்து போனா பாதிக்குக் கிட்ட உடம்புல ஏறாமப் போயிடும். ஏழு மாசம் கழிச்சு ஒரு அம்மா கைப்பையில மடிச்சு வெச்சிருந்த அந்தத் தாளை மருந்து குடுக்கற இடத்துல ஒரு பார்மசி பொண்ணு பாத்துட்டு 'ஆன்ட்டி, இதை யார் எழுதிக் குடுத்தது'ன்னு கேட்டுச்சாம். ஏழு மாசமும் அந்த வீட்டுல அப்படித்தான் குடுத்திருக்காங்க, பிள்ளையோட யூரின் டெஸ்ட் ஏன் சரியா வரலன்னு அவங்க டாக்டர் குழம்பிக்கிட்டு இருந்திருக்காரு. அன்னைக்கு மேடையில டாக்டர் முன்னாடி மேசை மேலயே அந்தத் தாள் கிடந்துச்சு. 'இதை ஒரு தடவை படிச்சுப் பாத்து தப்பு இருந்தா சொல்லுங்க டாக்டர்'னு சொல்ல எங்க ஒருத்தருக்கும் வாய் வரல, மரியாதைக் குறைவா ஆயிடுமோன்னு பயம்.

அந்தப் பிள்ளை இப்ப நல்லா இருக்கு. நான் அந்தத் தாள்ல ஒண்ணை இன்னும் அலமாரியில வெச்சிருக்கேன்.

அதனால ஆலோசகர் டாக்டர்னா முதல் வேலை இதுதான், நீங்க அச்சடிக்கறது, அனுப்பறது, மேடையில சொல்றது எல்லாத்தையும் வெளிய போறதுக்கு முன்னாடி படிச்சுத் திருத்தறது. புரொபசர் பேரை லெட்டர்ஹெட்ல போட்டுட்டு அவர் ஒரு வரியும் படிக்கலன்னா, உங்க தப்புக்கு அவர் பேரு சாட்சி சொல்ற மாதிரி ஆயிடும், ஜனங்க அந்தப் பேரை நம்பித்தான் மருந்தை மாத்துவாங்க. பேரு வேணும்னா படிக்கற ஆளோட பேரு வேணும்.

ஒருத்தர் போதுமான்னா போதாதும்மா, இந்த நோய் ஒரு டிபார்ட்மென்டுக்குள்ள அடங்காது. கல்லீரல் டாக்டர் ஒருத்தர், நரம்பு டாக்டர் ஒருத்தர், சின்னப் பிள்ளைங்க இருந்தா ஜெனடிக்ஸ், அதாவது பரம்பரை நோய் தெரிஞ்ச பிள்ளைங்க டாக்டர், அப்புறம் மனநல டாக்டர், இவரை எல்லாரும் மறந்துடறாங்க, ஆனா எங்க பையனோட கோவமும் அழுகையும் நோயோட பாகம்னு எங்களுக்குப் புரிய வெச்சவரு அவருதான். இவங்களோட ஒரு பார்மசிஸ்டையும் ஒரு டயட்டிஷியனையும் கட்டாயம் சேருங்க, என் தப்பைக் கண்டுபிடிச்சதே ஒரு பார்மசிஸ்ட்தான். நாலஞ்சு பேர் இருந்தா இன்னொரு வசதியும் உண்டு, அரசாங்க டாக்டர்களுக்கு எப்ப டிரான்ஸ்பர் வரும்னே தெரியாது, ஒருத்தரையே நம்பியிருந்தா அவர் சரவாக்ல இருக்கற கூச்சிங் போனதும் நீங்க நடுத்தெருவுல நிப்பீங்க. பினாங்குலயே எல்லாரும் கிடைக்கலன்னா கேஎல் பக்கம் கேளுங்க, ஜெனடிக்ஸுக்குன்னே தனி டிபார்ட்மென்ட் கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில இருக்கு, மலாயா பல்கலைக்கழக ஆஸ்பத்திரியிலயும் ஜெனடிக்ஸ் டாக்டருங்க இருக்காங்க. 2004ல தொடங்கின மலேசியன் ரேர் டிஸார்டர்ஸ் சொசைட்டின்னு ஒரு சங்கமும் கேஎல் பக்கம் இருக்கு, பல அபூர்வ நோய்க் குடும்பங்களுக்குப் பொதுவான சங்கம், அவங்ககிட்ட முதல்ல போய் அனுபவம் கேட்டுக்கங்க.

கேக்கறது எப்படின்னா, கிளினிக் பகார், அதான் ஸ்பெஷலிஸ்ட் கிளினிக் முடிஞ்சு டாக்டர் எழுந்திருக்கற நேரத்துல வழி மறிச்சுக் கேக்காதீங்க. ஒரே ஒரு பக்கத்துல சூராட் (கடிதம்) எழுதுங்க. நாங்க யாரு, எத்தனை குடும்பம், வருஷத்துக்கு உங்ககிட்ட என்ன வேலை வேணும்னு வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டா எழுதணும், வருஷத்துல ரெண்டு தாள் படிச்சுத் திருத்தணும், ஒரு தடவை வந்து பேசணும், மூணு மாசத்துக்கு ஒரு தடவை நாங்க அனுப்பற பொதுக் கேள்விக்குப் பதில் குடுக்கணும், ரெண்டு வருஷம் மட்டும், அதுக்கப்புறம் இஷ்டம் இருந்தா தொடரலாம். இதைவிட முக்கியமா என்ன கேக்க மாட்டோம்ங்கறதையும் எழுதுங்க. தனி ஆளோட மருந்து அளவு கேக்க மாட்டோம், உங்க போன் நம்பரை குரூப்புல போட மாட்டோம், உங்க பேரைச் சொல்லி நன்கொடை வசூல் பண்ண மாட்டோம். நான் பாத்த வரைக்கும் டாக்டருங்க தயங்கறது வேலைக்காக இல்ல, இதெல்லாம் எங்க போய் முடியும்னு தெரியாததாலதான். அரசாங்க டாக்டரா இருந்தா அவங்க கெத்துவா ஜாபாத்தானுக்கும் (டிபார்ட்மென்ட் தலைவர்) ஆஸ்பத்திரி டைரக்டருக்கும் தனியா அனுமதி கேட்டு ஒரு சூராட் அனுப்பிடுங்க, அரசாங்க ஊழியர் நடத்தை விதிகள் 1993ன்னு ஒண்ணு இருக்கு, வெளி வேலைக்கு மேலிடத்து அனுமதி வேணும்னு அதுல இருக்கு, சம்பளம் இல்லாத வேலையா இருந்தாலும் கேட்டு வெச்சிடறதுதான் அவங்களுக்குப் பாதுகாப்பு. பிரைவேட் டாக்டரா இருந்தா, அவர் ஸ்பெஷலிஸ்டான்னு நேஷனல் ஸ்பெஷலிஸ்ட் ரெஜிஸ்டர்ல தேடிப் பாருங்க, அது எல்லாரும் பாக்கறதுக்குத்தான் வெச்சிருக்கு, பாக்கறது அவமரியாதை இல்ல.

காசு விஷயம், ஆலோசனைக்கு சம்பளம் வேணாம், சம்பளம் வந்துட்டா கணக்கு வழக்கும் மனஸ்தாபமும் கூடவே வரும்ங்கறது என் எண்ணம். ஆனா பினாங்கு பாலத்துல டோல் கட்டி பெட்ரோல் போட்டு வர்றவருக்கு அந்தச் செலவைக் குடுத்துடணும், அவர் வேணாம்னாலும் ஒரு தடவையாவது நீட்டணும்.

இப்ப குரூப்புல டாக்டரைச் சேக்கறது. வேணவே வேணாம். ராத்திரி 11 மணிக்கு 'டாக்டர், பிள்ளைக்கு உடம்பு அரிக்குது, மருந்தை நிறுத்தலாமா'ன்னு ஒருத்தர் கேப்பாங்க, அந்த டாக்டர் அந்தப் பிள்ளையைப் பாத்ததில்ல, ரத்தம் யூரின் ரிப்போர்ட் கையில இல்ல, வேற டாக்டரோட பேஷண்ட் வேற. அவர் பதில் சொன்னாலும் ஆபத்து, சொல்லலன்னா அந்த அம்மாவுக்கு மனசு வெந்து போகும். அதைவிட மோசம், ஒரு பிள்ளைக்குச் சொன்ன பதிலை மத்த 13 வீடும் தன் பிள்ளைக்குன்னு எடுத்துக்கும். நாங்க இப்ப எப்படிச் செய்யறோம்னா, குரூப்புல வர்ற கேள்வியை எல்லாம் ரெண்டு அம்மாமாருங்க ஒரு நோட்டுல எழுதி வெப்பாங்க, பேரை எடுத்துடுவாங்க, ஒரே மாதிரி கேள்வியை ஒண்ணாச் சேப்பாங்க, மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஆலோசகருக்குப் போகும், ஒருத்தர் எழுதின பதிலை இன்னொருத்தர் படிச்சுப் பாப்பாரு, அப்புறம்தான் தேதி போட்டு குரூப்புக்கு வரும். தேதி முக்கியம், மருத்துவம் மாறும், அஞ்சு வருஷத்துக்கு முந்தின பதில் சுத்திக்கிட்டே இருக்கக்கூடாது. அரிப்பு, தடிப்பு, காய்ச்சல் இதெல்லாம் அடுத்த நாள் காலையில சொந்த டாக்டரோட கிளினிக்குக்குப் போன் பண்ண வேண்டிய விஷயம். கண்ணு மஞ்சளாகறது, வயிறு வீங்கறது, ரத்த வாந்தி, புத்தி தடுமாறிப் பேசறது, இதுக்கெல்லாம் குரூப்புல மெசேஜ் போடாம நேரா எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போயிடணும்.

ஆலோசகருங்க கூடி உக்காந்த உடனே முதல் வேலையா ஒரு அட்டை எழுதி வாங்குங்க. மலாய்லயும் இங்கிலீஷ்லயும், பர்ஸ்ல வெக்கற அளவுக்கு, இவருக்கு வில்சன் நோய், இன்ன மருந்து, இதை நிறுத்தக்கூடாது, இன்ன கிளினிக்ல பாக்கறாங்கன்னு. எமர்ஜென்சியில அன்னைக்கு டூட்டியில இருக்கற சின்ன டாக்டர் இந்த நோயை நேர்ல பாத்திருக்கவே மாட்டாரு, அவர் மேல தப்பு இல்ல, ஆனா அந்த அட்டை அவர் கையில போனா உங்க பொண்ணு பேச முடியாத நிலையில இருந்தாலும் அது பேசும். மேடைப் பேச்சு நூறு கேட்டாலும் அந்த ஒரு அட்டைக்கு ஈடாகாது.

பதிவுக்கு, 1966 சங்கச் சட்டத்துல ஆர்ஓஎஸ்ங்கற சங்கப் பதிவாளர்கிட்ட பதியணும், கமிட்டிக்கு 7 பேராவது வேணும். அந்த 7 பேரும் நோயாளியும் குடும்பமுமா இருக்கட்டும். டாக்டருங்க ஆலோசகரா பக்கத்துல இருக்கட்டும், ஓட்டு வேணாம். அவங்க வந்து தலைவரா உக்காந்துட்டா குடும்பங்க வாயைத் திறக்காது, நம்ம ஜனங்க பழக்கம் எனக்குத் தெரியும்.

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு 27 வயசு, செந்தூல்ல இருக்கேன். என் டாக்டர் எனக்கு பெனிசிலமின் குடுத்திருக்காரு. எங்க குரூப்புக்கு ஆலோசகரா இருக்கற டாக்டர் ஒரு கூட்டத்துல ஜிங்க் (துத்தநாகம்) மட்டுமே போதும்ங்கற மாதிரி பேசினாரு. நான் எழுந்து கேட்டதுக்கு நெட்ல படிச்சிட்டு வந்து கேக்காதீங்கன்னு உக்கார வெச்சிட்டாங்க. உக்கார வெச்சது டாக்டர் இல்ல, குரூப் தலைவரு. யாரை நம்பறது? – செந்தூல் வாசகர்

பதில்: தம்பி, முதல்ல ஒண்ணு, உங்க மருந்தை உங்க டாக்டர் சொல்லாம ஒரு மாத்திரை கூட மாத்தாதீங்க. ஆனா நீங்க கேட்ட கேள்வி சரியான கேள்வி, உங்களை உக்கார வெச்சது தப்பு.

ரெண்டு டாக்டரும் பொய் சொல்லல, ரெண்டு மருந்தும் செய்யற வேலை வேற. பெனிசிலமின் உடம்புல ஏற்கனவே சேந்து கிடக்கற செம்பைப் பிடிச்சு யூரின்ல வெளிய இழுத்துட்டு வரும், ஜிங்க் குடல்லயே நின்னு புதுசா வர்ற செம்பை உள்ள விடாது. நோய் முத்தி வந்தவருக்கு இழுக்கற மருந்து வேண்டியிருக்கும், சேந்ததெல்லாம் இறங்கி நிலைமை சீரானவருக்கும் அறிகுறியே இல்லாம டெஸ்ட்ல மட்டும் தெரிஞ்சவருக்கும் ஜிங்க் போதும்னு பல டாக்டருங்க சொல்வாங்க. நரம்புல பாதிப்பு இருக்கறவங்க சிலருக்கு பெனிசிலமின் ஆரம்பிச்ச புதுசுல நடுக்கம் கூடிடும், அதனாலதான் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துவாங்க, அதனாலதான் நரம்பு டாக்டர் ஒரு மாதிரியும் கல்லீரல் டாக்டர் ஒரு மாதிரியும் பேசற மாதிரி நமக்குத் தோணும். நோயாளிங்க எண்ணிக்கை இவ்வளவு கம்மியா இருக்கறதால பெரிய பெரிய ஆராய்ச்சி செஞ்சு இதுதான் முடிவுன்னு அடிச்சுச் சொல்றது கஷ்டம். ஐரோப்பாவுல கல்லீரல் டாக்டருங்க சங்கம் 2012ல ஒரு வழிகாட்டி போட்டாங்க, அமெரிக்காவுல 2022ல புதுப்பிச்சாங்க, அதுலயே பல இடத்துல இவங்க இவங்களுக்கு இப்படின்னு பிரிச்சுத்தான் சொல்லியிருக்காங்க. அதனால ஆலோசகர் பேசறப்ப நீங்க கேக்க வேண்டிய ஒரே கேள்வி, 'டாக்டர், நீங்க சொல்றது யாருக்கு, எந்தக் கட்டத்துல இருக்கறவங்களுக்கு?' இதைக் கேட்டா எந்த நல்ல டாக்டரும் கோவிக்க மாட்டாரு, சந்தோஷப்படுவாரு. பதிலை உங்க டாக்டர்கிட்ட எடுத்துட்டுப் போய் நான் எந்தக் கட்டத்துல இருக்கேன்னு கேளுங்க.

உங்க குரூப் தலைவர் இதைப் படிச்சா அவருக்கும் ஒண்ணு சொல்லணும். பெனிசிலமின் எப்படி வந்துச்சு தெரியுமா. 1950கள்ல ஜான் வால்ஷ்னு ஒரு இங்கிலீஷ் டாக்டர், பெனிசிலின் ஊசி போட்ட நோயாளிங்க யூரின்ல இந்தப் பொருளை முன்னாடியே பாத்து வெச்சிருந்தாரு, பாஸ்டன்ல வேலை பாக்கறப்ப ஒரு வில்சன் நோயாளியைப் பாத்ததும் இது செம்பைப் பிடிச்சு இழுக்குமேன்னு அவருக்குப் பொறி தட்டிச்சு. நோயாளிக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி தானே விழுங்கிப் பாத்தாரு. 1956ல அது மருந்துன்னு வெளிய வந்துச்சு. அதுக்கு முன்னாடி இந்த நோய் வந்தவங்க பிழைக்கறது அபூர்வம். அப்புறம் பெனிசிலமின் ஒத்துக்காத நோயாளிங்க அவர்கிட்ட வந்தப்ப, அவங்களை அப்படியே விட்டுடாம ட்ரையன்டீன்னு இன்னொரு மருந்தைக் கண்டுபிடிச்சாரு. எனக்கு ஒத்துக்கலன்னு நோயாளி வாயைத் திறந்து சொன்னதால வந்த மருந்து அது. கேள்வி கேக்கற ஒரு 27 வயசுப் பையனை உக்கார வெக்கறதுக்கு ஒரு சங்கமா? ஆலோசகருங்க கூட்டம் நடக்கறப்ப உங்களை மாதிரி ரெண்டு நோயாளிங்க, அம்மா அப்பா இல்ல, மருந்து சாப்பிடறவங்களே, அந்த மேசையில உக்காரணும். இதை அடுத்த கூட்டத்துல நீங்களே எழுதிக் குடுங்க தம்பி.

கேள்வி: எங்க சங்கத்து ஆண்டு விழாவுக்கு ஒரு கம்பெனி ஹோட்டல் டின்னரே ஸ்பான்சர் பண்றேங்குது, கல்லீரலுக்குன்னு சத்து மாத்திரை விக்கறவங்க. எங்க ஆலோசகர்ல ஒருத்தரும் வேற மருந்துக் கம்பெனி கூட்டத்துக்கெல்லாம் போய்ப் பேசுவாரு. இதெல்லாம் தப்பா மிஸி? – செயலாளர், கேஎல்

பதில்: டாக்டர் மருந்துக் கம்பெனி கூட்டத்துல பேசறது தப்பு இல்ல, மறைக்கறதுதான் தப்பு. இந்த மாதிரி நோய்க்கு மருந்து செய்யற கம்பெனியே விரல் விட்டு எண்ணற அளவுதான், விஷயம் தெரிஞ்ச டாக்டர் அவங்களோட பேசாம இருக்க முடியாது. வருஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு ஆலோசகரும் எந்தக் கம்பெனிகிட்ட பணமோ டிக்கெட்டோ வாங்கினாங்கன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுக்கட்டும், அந்த மருந்து பத்திப் பேச்சு வர்றப்ப அவர் முதல்ல அதைச் சொல்லிட்டுப் பேசட்டும். ஏன் இவ்வளவு கறார்னு கேப்பீங்க. மேல சொன்ன ட்ரையன்டீனோட விலை அமெரிக்காவுல 2010க்கும் 2015க்கும் நடுவுல 30 மடங்குக்கு மேல ஏறிச்சு, மருந்து மாறல, விலைதான் மாறிச்சு. அந்த மாதிரி நேரத்துல சங்கம் எழுந்து நின்னு பேசணும், ஹோட்டல் சாப்பாடு சாப்பிட்ட வாயால பேச முடியுமா, யோசிச்சுப் பாருங்க.

சத்து மாத்திரை விஷயத்துல எனக்கு ஒரே பதில்தான், வாங்காதீங்க. மல்டிவைட்டமின் பலதுல செம்பு சேத்திருப்பாங்க, லேபிளைத் திருப்பிப் பாருங்க, பொடி எழுத்துல இருக்கும். பெட்டியில எம்ஏஎல் நம்பர் (அரசாங்க மருந்துப் பதிவு எண்) இருக்கே, பதிவான சாமான்தானேன்னு விக்கறவங்க சொல்வாங்க, பதிவான சாமான்ங்கறது வேற, வில்சன் நோயாளிக்கு ஆகும்ங்கறது வேற. டின்னரும் வேணாம். உறுப்பினர் ஆளுக்கு 20 வெள்ளி (ரிங்கிட்) போட்டு தமிழ்ப்பள்ளி மண்டபத்துல வீட்டுச் சாப்பாடு வெச்சு நடத்துங்க, கூட்டம் நல்லாத்தான் இருக்கும்.

கேள்வி: என் மாமனார் செம்புத் தண்ணி உடம்புக்கு நல்லதுன்னு லிட்டில் இந்தியாவுல செம்பு பாட்டில் வாங்கிட்டு வந்து, வில்சன் நோய் இருக்கற என் மகனுக்கும் தர்றாரு. பெரியவங்க சொல்லைத் தட்ட முடியல. – ஜார்ஜ்டவுன் வாசகி

பதில்: தட்டுங்கம்மா. இன்னைக்கே அந்த பாட்டிலை எடுத்து மேல வெச்சிடுங்க. மாமனார் பாசத்துல செய்யறாரு, அவர் காலத்துல நல்லதுன்னு கேட்டது, மத்தவங்களுக்கு உடம்பு மிச்சத்தைத் தள்ளிடும், உங்க மகனுக்குத் தள்ளாது, அதை அப்படியே சொல்லுங்க. புளி, ரசம், மோர் மாதிரி புளிப்பு பட்டா செம்புலயும் பித்தளையிலயும் இருந்து இன்னும் அதிகமா இறங்கும். இந்தியாவுல ஒரு காலத்துல கைக்குழந்தைங்களுக்குக் கல்லீரல் சுருங்கிப் போற ஒரு நோய் வந்து நிறைய பிள்ளைங்க செத்துப் போச்சு, பித்தளை செம்புப் பாத்திரத்துல பால் காய்ச்சி வெச்சுக் குடுத்ததுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு புனே பக்கம் ஆராய்ச்சி பண்ணவங்க கண்டுபிடிச்சாங்க. மாமனாருக்கு இதைப் படிச்சுக் காட்டுங்க.

ஈரல் வறுவல், கெராங் (மட்டி), சிப்பி, காளான், கொட்டை வகை, சாக்லேட்டு இதையெல்லாம் முதல் ஒரு வருஷமாவது, செம்பு அளவு இறங்கற வரைக்கும் தள்ளி வெக்கச் சொல்வாங்க. பினாங்குல பிறந்த பையனை சார் குவே தியாவ் (கெராங் போட்டு வறுக்கற தட்டை நூடுல்ஸ்) திங்காதேன்னு சொல்ல எனக்கே மனசு வராது, கெராங் போடாம கேட்டு வாங்கலாம். இதுக்குத்தான் டயட்டிஷியன் வேணும்னு மேல சொன்னேன், அதுவும் நம்ம அடுப்படி தெரிஞ்ச டயட்டிஷியன். வெளிநாட்டுத் தாளை அப்படியே மொழிபெயர்த்து குடுத்தா அதுல செம்புப் பாட்டிலும் கெராங்கும் இருக்காது.

கேள்வி: என் தம்பிக்கு வில்சன் நோய். எனக்கு 24 வயசு, வீட்டுல மாப்பிள்ளை பாக்கறாங்க, அத்தை மகனைத்தான் பேசறாங்க. குரூப் அட்மின், ஆலோசகர் டாக்டருக்கு அனுப்பணும்னு எல்லார் குடும்பத்துப் பேரு, ஐசி (அடையாள அட்டை) நம்பர், அக்கா தங்கச்சி விவரம் வரைக்கும் எக்ஸல்ல போட்டு குரூப்லயே போட்டுட்டாரு. அத்தை வீட்டுக்கும் தெரிஞ்சு போச்சு. எனக்கு அழுகையா வருது. – பேரு வேணாம், ஜெலுத்தோங்

பதில்: உன் கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன்மா. அட்மின் செஞ்சது பெரிய தப்பு. ஆலோசகர் டாக்டருக்கு உங்க பேரும் ஐசியும் எதுக்கு? அவருக்கு எத்தனை பேரு, எந்த வயசு, எந்தக் கஷ்டம்னு தெரிஞ்சா போதும், நோயாளியைப் பாக்கற டாக்டர்கிட்டதான் பேரு இருக்கணும். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம்னு 2010லயே நம்ம நாட்டுல வந்துடுச்சு, அதுல உடல்நல விவரத்தை இன்னும் கவனமா கையாள வேண்டிய தகவல்னு தனியாவே பிரிச்சு வெச்சிருக்காங்க. அந்த எக்ஸலை அழிக்கச் சொல்லி, எல்லாரும் அவங்கவங்க போன்லயும் அழிக்கணும்னு அட்மினுக்கு எழுது, ஆலோசகருக்கும் ஒரு வரி தெரியப்படுத்து, அவரே இந்தப் பட்டியல் எனக்கு வேணாம்னு சொன்னா அட்மின் கேப்பாரு. இதையும் திருத்தறதுக்குத்தான் ஆலோசகர்.

கல்யாணத்துக்கு வருவோம். இந்த நோய் அம்மாகிட்ட இருந்து ஒண்ணு, அப்பாகிட்ட இருந்து ஒண்ணுன்னு ரெண்டு பழுதான ஜீனும் சேந்தாத்தான் வரும். அதனால கூடப்பிறந்த ஒவ்வொருத்தருக்கும் நாலுல ஒரு வாய்ப்பு. உனக்கு ஒண்ணுமே செய்யலன்னாலும் டெஸ்ட் எடுத்தே ஆகணும், மாப்பிள்ளைக்காக இல்ல, உனக்காக, அறிகுறி வர்றதுக்கு முன்னாடி மருந்து ஆரம்பிச்சா கல்லீரலும் மூளையும் கெடாமலே காப்பாத்திக்கலாம். ரத்தத்துல செருலோபிளாஸ்மின்ங்கற செம்பைச் சுமக்கற புரதம், கல்லீரல் டெஸ்ட், 24 மணி நேர யூரின்ல செம்பு, கண் டெஸ்ட், தம்பியோட ஜீன் பழுது எதுன்னு ஏற்கனவே கண்டுபிடிச்சிருந்தா அதையும் உனக்குப் பாக்கலாம். நோய் இல்லன்னு வந்தா, ஒரே ஒரு பழுதான ஜீனை மட்டும் சுமக்கறவளா இருக்க மூணுல ரெண்டு பங்கு வாய்ப்பு இருக்கு, அவங்களுக்கு நோய் வராது, மருந்தும் வேணாம், யாரும் அதைக் குறைன்னு சொல்ல முடியாது. ஆனா அத்தை மகன்ங்கறதால அதே குடும்பத்து ஜீன் அவர்கிட்டயும் இருக்க வாய்ப்பு வெளி ஆளைவிடக் கூடுதல், அதனால அவரும் டெஸ்ட் எடுக்கட்டும், ரெண்டு பேரும் சேந்து ஜெனடிக் கவுன்சலிங்குக்குப் போங்க. அத்தை வீட்டுல அதுக்கு ஒத்துக்கலன்னா அப்ப யோசிச்சுக்கலாம்.

தம்பியோட அடுத்த அப்பாய்ன்ட்மென்ட் என்னைக்குன்னு பாரு. நீயும் கூடப் போய் டாக்டர்கிட்ட 'நான் இவன் அக்கா, எனக்கு இன்னும் டெஸ்ட் எடுக்கல'ன்னு சொல்லு. ரெஃபரல் அவரே எழுதித் தருவாரு, அரசாங்க ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்ல நமக்கு 5 வெள்ளிதான். தனியா போகக் கஷ்டமா இருந்தா பத்திரிகை மூலமா எனக்கு எழுது, பினாங்குலதான் இருக்கேன், கூட வரேன்.